தேய்ந்த பெல்ட்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மோட்டார் வண்டியின் எஞ்சினில் ஓடும் பெல்ட். பழைய வேன் ஒன்றில் அது தேய்ந்துபோனால், நம் வீட்டு வாயிலிலேயே எவ்வாறு மாற்றிக்கொள்வது என்பதைச் சொல்லப்போகிறேன். பல ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று இயற்பியல் கற்பித்தவனுக்கும் கைகளில் கிரீஸ் படியும் இந்த வேலைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு இருந்தது. இருந்தும் அதை நான் காணத் தவறினேன். அதனால் நேர்ந்த இழப்பையும் மறைக்காமல் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் பெல்ட் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஓர் அரிசி ஆலை இருந்தது. கொட்டகையின் ஒரு மூலையில் எண்ணெய் எஞ்சின். மறுகோடியில் நெல் அரைக்கும் பொறி. இரண்டையும் இணைத்து, ஆள் உயரத்தில் ஒரு சாண் அகலமுள்ள தட்டையான வார் ஓடிக்கொண்டிருக்கும். அது சப்தமிட்டு வழுக்கினால், ஆலைக்காரர் ஏதோ ஒரு பிசினை அதன் உட்புறத்தில் தேய்ப்பார். வார் மீண்டும் பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் யாரும் அதன் அருகே போகக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. ஓரிடத்தில் பிறக்கும் சுழற்சியைப் பல்சக்கரம் ஏதும் இன்றி, வெறும் உராய்வின் வலிமையால் மற்றோர் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதே வாரின் தொழில்.

மோட்டார் வண்டியின் எஞ்சினிலும் அதே தொழில்தான் நடைபெறுகிறது. எஞ்சினின் முதன்மைத் தண்டின் முனையில் ஒரு கப்பி இருக்கிறது. பட்டறைகளில் அதைப் புல்லி என்பார்கள். அதிலிருந்து புறப்படும் பெல்ட், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றிவரச் செய்யும் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. முற்காலத்து வண்டிகளில் காற்று வீசும் விசிறியும் இந்தப் பெல்ட்டினாலேயே சுழன்றது. ஆகவே இதற்கு ‘பேன் பெல்ட்’ என்று பெயர் வந்தது. பிற்காலத்துக் கார்களில் விசிறிக்குத் தனி மின்மோட்டார் வைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. உதிரிபாகக் கடையில் இன்றும் பேன் பெல்ட் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

என்னிடம் உள்ளது மாருதி ஆம்னி என்னும் வேன். 1984-ஆம் ஆண்டில் ‘மாருதி வேன்’ என்ற பெயரில் வெளிவந்து, பின்னர் ஆம்னி எனப் பெயர் பெற்று, 2019-ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பட்ட வண்டி அது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும், நோயாளிகளைக் கொண்டு செல்லவும், காய்கறி மூட்டைகளைச் சுமக்கவும் நம் ஊர்களில் அது பயன்பட்டதை நீங்கள் கண்டிருப்பீர்கள். 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் உள்ள சிறிய எஞ்சின். அது முன்னிருக்கைகளுக்கு அடியில் அமைந்திருக்கிறது. மூக்கு நீண்ட கார்களைப் போல முன்மூடியைத் திறந்து பார்க்கும் வசதி இதில் இல்லை. இருக்கையைத் தூக்கினால்தான் எஞ்சினைக் காணலாம். தினமும் கண்ணில் படாத ஒன்றை மனிதன் எளிதில் மறந்துவிடுகிறான். நானும் மறந்தேன்.

2018-ஆம் ஆண்டின் கோடைக்காலம். காலையில் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் ‘கிரீச்’ என்று ஓர் ஓசை எழும். சில விநாடிகளில் அடங்கிவிடும். நாளடைவில் முகப்பு விளக்கைப் போட்டாலும் அந்த ஓசை கேட்டது. யாரோ ஒருவர், பெல்ட்டின் ஓரத்தில் சோப்பைத் தேய்த்தால் நின்றுவிடும் என்றார். தேய்த்தேன், நின்றுவிட்டது. பெரிய காரியத்தைச் சாதித்தவன் போல மகிழ்ந்தேன். நண்பர் இருவரிடம் அந்த உபாயத்தைப் பெருமையுடன் எடுத்துரைத்ததும் நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் என் மனைவிக்குச் சேலத்தில் கண் அறுவை நடந்தது. மறுநாள் கட்டு அவிழ்க்காத நிலையில் அவரை ஏற்றிக்கொண்டு தருமபுரிக்குத் திரும்பினேன். தொப்பூர்க் கணவாய் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சேலத்திலிருந்து வருபவர்களுக்கு அது ஏற்றம். இரு புறமும் கனரக லாரிகள். ஏற்றத்தின் நடுவே, வண்டியின் முகப்பில் மின்கலத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. மின்கலத்தில்தான் ஏதோ கோளாறு, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி ஓட்டினேன். நான் செய்த பிழை அதுவே. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. ஆகவே அந்தச் சிறு விளக்கு எரிந்தால், எஞ்சினில் நீரோட்டமும் நின்றுபோயிருக்கக்கூடும் என்பதே பொருள். ஐந்து நிமிடங்கள் கழிந்திரா. வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைக் கடந்தது; இருக்கைக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது.

வண்டியை ஓரமாக நிறுத்தி, கண் கட்டோடு இருந்தவரைக் கைபிடித்து இறக்கி, சாலையோரப் புளியமரத்து நிழலில் உட்காரவைத்தேன். “என்ன ஆச்சு, ஏதாவது தீப்பிடிச்சுடுச்சா?” என்று அவர் கேட்டார். அவரால் பார்க்க முடியவில்லை. வாடை மட்டும் தெரிந்திருக்கிறது. இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

லாரி ஓட்டுநர் ஒருவர் இரக்கங்கொண்டு நிறுத்தினார். இருக்கையைத் தூக்கிப் பார்த்து, அறுந்து கிடந்த பெல்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பக்கங்கள் இரண்டும் கண்ணாடி போல் மின்னின. உட்புறம் வறண்ட ஏரிப் படுகை போல் வெடித்திருந்தது. “ஐயா, இது இன்னைக்குக் கெட்டது இல்ல. பல நாளாக் கத்தியிருக்குமே, உங்க காதுல விழலையா?” என்று கேட்டார். விழுந்தது, நான்தான் சோப்புப் போட்டு அடக்கினேன் என்று அவரிடம் சொல்ல நா எழவில்லை. வேறொரு வண்டியில் எங்களை ஊருக்கு அனுப்பிவைத்தவரும் அவரே. சில நூறு ரூபாய் விலையுள்ள பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றாமையால், எஞ்சினின் ஹெட் கேஸ்கட் வெந்து, அதைப்போல் பல மடங்கு பணத்தைப் பட்டறையில் கொடுத்தேன்.

மாணவர்களே, சோப்பு என்ன செய்தது என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். பெல்ட் ஒரு கணம் பற்றி, மறுகணம் வழுக்கி, மீண்டும் பற்றுகிறது. இது விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழும்போது எழும் அதிர்வே அந்தக் கிரீச்சொலி. சோப்பு உராய்வைக் குறைக்கிறது. அப்போது ஓசை நிற்கிறது; வழுக்கலோ கூடுகிறது. வழுக்கும் பெல்ட் சூடேறுகிறது. சூடேறிய ரப்பர் இறுகி வழவழப்பாகிறது. வழவழப்பானது இன்னும் அதிகமாக வழுக்குகிறது. எண்ணெய் தடவுவாரும் உண்டு. எண்ணெய் ரப்பரை ஊதிப் பருக்கச் செய்வதால், அது சோப்பினும் கேடானது.

இனி, பெல்ட்டின் வடிவத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இதை எனக்குக் காட்டியவள் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி. பிற்பாடு ஒரு நாள் இருக்கையைத் தூக்கிவைத்து நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, “தாத்தா, பெல்ட்டோட அடிப்பக்கம் கப்பியோட பள்ளத்துல தொடவே இல்லையே, பிறகு எப்படிச் சுத்துது?” என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி. இந்தப் பெல்ட்டின் குறுக்குவெட்டு, கூர்முனை நறுக்கப்பட்ட ஆப்பைப் போன்றது. அது தன் அடியால் தாங்கவில்லை; இரு பக்கங்களால் கவ்வுகிறது. ரப்பரும் நாரும் கொண்டு இத்தகைய பெல்ட்டை அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் என்பவர் 1917-ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதற்கு முன் மோட்டார் வண்டிகளில் தோல்வாரும் கயிறுமே பெரும்பாலும் பயன்பட்டன.

கவ்வும் வலிமை எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் காணலாம். படகுத்துறையில் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு சிறுவன் பெரிய படகைப் பிடித்து நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்று ஏற ஏறப் பிடிப்பு கூட்டல் முறையில் வளர்வதில்லை. பெருக்கல் முறையில் வளர்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதை ஆய்லர் இதற்குச் சூத்திரம் தந்தார். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். தட்டையான வார் கப்பியை அரைச் சுற்றுத் தழுவினால், அதன் இறுகிய பக்கத்து இழுவிசை தளர்ந்த பக்கத்து இழுவிசையைப்போல் சுமார் 2.6 மடங்கு வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் வார் வழுக்கிவிடும். இப்போது ஆப்பு வடிவத்துக்கு வருவோம். பள்ளத்தின் இரு சுவர்களுக்கும் இடையே 40 பாகைக் கோணம் என்றால், பாதி 20 பாகை. அதன் சைன் மதிப்பு 0.34. ஒன்றை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 2.9. அஃதாவது, உராய்வுக் கெழுவே ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்ந்தது போன்ற பயன் கிடைக்கிறது. அதைச் சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள்: 2.6 மடங்கு என்பது 15 மடங்குக்கு மேல் போய்விடுகிறது! அதே ரப்பர், அதே இரும்பு, அதே அரைச் சுற்று. வடிவம் ஒன்றுதான் வேறு. நான் இந்தச் சூத்திரத்தைப் பலமுறை பலகையில் எழுதியிருக்கிறேன். என் இருக்கைக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்ததை ஒருமுறையும் எண்ணியதில்லை.

இதிலிருந்து தேய்ந்த பெல்ட்டை அறியும் வழியும் கிடைக்கிறது. பக்கங்கள் தேய்ந்தால் பெல்ட் ஒல்லியாகிப் பள்ளத்தில் கீழே இறங்கும். இறங்கி அடியைத் தொட்டுவிட்டால் ஆப்பின் கவ்வுதல் போய்விடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். கப்பியின் பள்ளத்து அடி மினுமினுப்பாக இருந்தால், பெல்ட் அங்கே உரசுகிறது என்று கொள்ளுங்கள். உட்புறத்தை மடக்கிப் பார்த்தால் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், எண்ணெய்க் கறை ஆகியவை தெரியும். இவற்றில் எது இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

மாற்றும் முறையைச் சொல்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சக்கரத்துக்குக் கல் அண்டக்கொடுத்து, மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவையுங்கள். நம் உடையைப் பற்றியும் ஒரு சொல். தோளில் துண்டும் இடுப்பில் வேட்டியுமாக இந்த வேலைக்குப் போகக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் வாயில் துணி நுனி அகப்பட்டால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அரிசி ஆலைக்காரர் எங்களை விரட்டியதன் காரணம் அதுதான்.

ஆல்டர்னேட்டரை இரண்டு போல்ட்டுகள் தாங்குகின்றன. ஒன்று, அது கதவைப் போல் திரும்புவதற்கான கீல். மற்றொன்று, நீண்ட துளையுள்ள ஒரு தகட்டில் முன்னும் பின்னும் நகர்வது. இரண்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கமாகத் தள்ளினால் பெல்ட் தானே நெகிழ்ந்து வெளிவரும். வெளியே எடுக்கும் முன், அது எந்தக் கப்பியிலிருந்து எந்தக் கப்பிக்குப் போகிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரே பெல்ட் உள்ள என் வண்டியில் இது வேடிக்கையாகத் தோன்றலாம். குளிர்சாதனம் பொருத்திய வண்டியில் இரண்டாவது பெல்ட்டும் குறுக்கே வரும்போது, வரைந்தவர் பிழைப்பார்.

பழைய பெல்ட்டைக் கடைக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் அதைப் புதியதன் மேல் வைத்து நீளம் பார்க்க வேண்டாம், பழையது நீண்டிருக்கும். அதன் முதுகில் அச்சிட்டுள்ள எண்ணைப் பாருங்கள். எண் அழிந்திருந்தால், வண்டியின் வகையையும் ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள்.

பெல்ட் இல்லாத அந்த வேளையில் செய்யவேண்டிய மற்றொரு சோதனை உண்டு. பம்பின் கப்பியையும் ஆல்டர்னேட்டரின் கப்பியையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றி, ஆட்டமின்றி, கரகரப்பின்றிச் சுழலவேண்டும். பெல்ட் பூட்டியபின் இதை அறிய முடியாது. பள்ளங்களை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, புதிய பெல்ட்டை மாட்டுங்கள். ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரை இன்னும் உள்ளே தள்ளவேண்டுமே அன்றி, திருப்புளியை நுழைத்து நெம்பக் கூடாது. பெல்ட்டின் வலிமை அதன் ரப்பரில் இல்லை. உள்ளே ஓடும் நாரிழைகளில் இருக்கிறது. நெம்பினால் வெளியே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே இழை அறுந்துவிடும்.

இனி இறுக்கம். இங்கேதான் நான் இரண்டாம் முறை தவறினேன். தொப்பூரில் பட்ட சூடு நினைவில் இருந்ததால், முதன்முதலாக நானே பெல்ட் மாற்றியபோது வீணைத் தந்தி போல் இறுக்கிவிட்டேன். ஓசை சிறிதும் இல்லை. இரண்டு மாதங்களில் வாட்டர் பம்ப் உறுமத் தொடங்கியது. இழுவிசை முழுவதும் பம்பின் தண்டை ஒரு பக்கமாக வளைத்து இழுத்ததால், உள்ளே இருந்த பேரிங் அழிந்துபோயிற்று. தளர்ந்தால் பெல்ட் கெடும். மிக இறுகினால் அது சுற்றிவரும் பொறிகள் கெடும். இரண்டுக்கும் நடுவே உள்ள அளவைக் கண்ணால் மதிப்பிட முடியாது, அளந்தே அறியவேண்டும்.

அளக்கும் விதம் எளிது. இரு கப்பிகளுக்கு நடுவே பெல்ட்டின் முதுகில் நேரான அளவுகோலை வைத்து, நடுவில் 10 கிலோ எடையளவு விசையோடு கட்டைவிரலால் அழுத்தி, எத்தனை மில்லிமீட்டர் உள்வாங்குகிறது என்று பார்க்கவேண்டும். வண்டியோடு தரும் கையேடு அதற்குரிய அளவைச் சொல்லும். இத்தகைய சிறு எஞ்சின்களில் பெரும்பாலும் 6 முதல் 10 மில்லிமீட்டருக்குள் அடங்கும். கட்டைவிரலில் 10 கிலோ என்பதை எப்படி அறிவது? என் பேத்தி வீட்டில் இருந்த எடை பார்க்கும் கருவியைத் தரையில் வைத்து, முள் பத்தைத் தொடும்வரை கட்டைவிரலை ஊன்றினாள். பிறகு என்னையும் ஊன்றச் சொன்னாள். பத்து முறை பழகியபின் இருவர் விரலும் ஏறக்குறைய ஒன்றாகவே அழுத்தின. முதல் முறை நான் ஊன்றியபோது முள் காட்டியது 4 கிலோ. இத்தனை காலம் என் கை பொய் சொல்லி வந்திருக்கிறது!

அளவு சரியானதும், ஆல்டர்னேட்டரை ஒரு மரக்கட்டையால் வெளிப்புறமாக நெம்பிப் பிடித்துக்கொண்டு, நகரும் போல்ட்டை முதலில் முடுக்கவேண்டும். கீல் போல்ட்டை அடுத்து முடுக்கவேண்டும். கட்டை ஆல்டர்னேட்டரின் கெட்டியான முன்பகுதியில் படவேண்டும். பின்பக்கத்து மெல்லிய கூட்டில் பட்டால் அது விரிந்துவிடும். புதிய பெல்ட் சிறிது ஓடியபின் தன் இருக்கையில் படிந்து தளரும். ஆகவே அரைமணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு மறுபடி அளக்கவேண்டும். ஓரிரு வாரம் கழித்து இன்னுமொரு முறை.

அண்மைக்கால வண்டிகளில், உட்புறத்தில் நீளவாக்கில் பல வரம்புகள் ஓடும் அகன்ற ஒரே பெல்ட்டையும், தானாக இறுக்கம் காக்கும் வில்லையும் காண்பீர்கள். அவற்றுள் பல, இ.பி.டி.எம். எனப்படும் புதிய வகை ரப்பரால் ஆனவை. அவை பழைய பெல்ட்டுகளைப் போல் எளிதில் வெடிப்பதில்லை. காலணியின் அடி தேய்வதுபோல் மெல்லத் தேய்கின்றன. வெடிப்பைத் தேடுபவர் ஏமாந்துபோவார். பள்ளத்தின் ஆழத்தை அதற்குரிய அளவியால்தான் பார்க்கவேண்டும்.

எஞ்சினின் மூடிக்குள் மறைந்து, பற்களோடு ஓடும் மற்றொரு பெல்ட் இருக்கிறது. அதன் பெயர் டைமிங் பெல்ட். பிஸ்டன் ஏறி இறங்குவதற்கும் வால்வுகள் திறந்து மூடுவதற்கும் உள்ள ஒழுங்கை அதுவே காக்கிறது. அதில் ஒரு பல் தவறி மாட்டினாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. அது அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். அது கிரீச்சிட்டு முன்னறிவிப்பும் தருவதில்லை. கையேடு குறிக்கும் கிலோமீட்டர் வந்ததும் பட்டறையில் கொடுத்து மாற்றிவிடுகிறேன். வீட்டு வாயிலில் நான் தொடும் எல்லை வெளிப்பெல்ட்டோடு முடிகிறது. இதில் எனக்கு வெட்கம் ஏதும் இல்லை.

அறுந்த பழைய பெல்ட்டை நான் எறிந்துவிடவில்லை. அது எங்கள் வண்டிக் கொட்டகையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. என் மனைவி இப்போது இரு கண்களாலும் நன்றாகப் பார்க்கிறார். தொலைவான பயணம் என்றால், ஏறுவதற்கு முன், “பெல்ட்டைப் பாத்தாச்சா?” என்று கேட்காமல் இருப்பதில்லை. சென்ற வாரமும் கேட்டார். இருக்கையைத் தூக்கி, அளவுகோலை வைத்து, கட்டைவிரலை ஊன்றிப் பார்த்தேன். 8 மில்லிமீட்டர். சேலத்துக்குப் புறப்பட்டோம்.